பாத்ரூம் டைல்ஸ் வழியே கசிவு: உடைப்பதற்கு முன் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிந்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒயிட் சிமென்ட் வாங்கி டைல்ஸ் இடுக்கையெல்லாம் அடைக்கிறார்கள், இல்லையென்றால் கொத்தனாரைக் கூப்பிட்டு மொத்தத் தரையையும் உடைக்கிறார்கள். ஒயிட் சிமென்ட் கொஞ்ச நாளில் விரிசல் விட்டுவிடும். உடைத்துப் புதிதாக டைல்ஸ் போட்டாலும், கசிந்தது சுவருக்குள் இருக்கும் குழாய் என்றால் அது பாட்டுக்குக் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

ஷவர் பகுதியிலிருந்து தண்ணீர் இறங்க வழிகள் ஐந்து: எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாய், ஷவரைத் திறந்தால் மட்டும் தண்ணீர் ஏறும் குழாய், வடிகால், தரை, சுவர். சோதனையையும் இதே வரிசையில் செய்யுங்கள். குழாய் கசியும்போது தரையில் தண்ணீர் கட்டிப் பார்த்தால், கீழே சொட்டுவது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு முதல் மூன்றில் கோளாறு பிடிபட்டால், ஒரு டைல்ஸ்கூட உடைக்காமல் வேலை முடிய வாய்ப்பு உண்டு.

கான்கிரீட் தளம், சுவருக்குள் பதித்த குழாய், தரைக்கு அடியில் இறக்கிக் கட்டிய சங்கன் ஸ்லாப் என்று நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் பாத்ரூமை மனதில் வைத்து எழுதுகிறேன். தனி வீட்டுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. தொடங்கும் முன்

டார்ச், பென்சில், மாஸ்கிங் டேப், பழைய துணி, கனமான பிளாஸ்டிக் பை, டெஃப்ளான் டேப், குழாய் வாயை அடைக்க அரை அங்குல டம்மியும் மூடியும், கொஞ்சம் கேசரி பவுடர். இவ்வளவு போதும். சிலர் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அது இடுக்கில் கறையாகப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம்.

இதைவிட முக்கியம் கீழ் வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு. நீங்கள் மேலே தண்ணீர் ஊற்றும்போது கீழே ஒருவர் டார்ச்சோடு பார்த்து, எத்தனை மணிக்குச் சொட்டியது என்று சொல்ல வேண்டும். கீழ் வீட்டு பாத்ரூமில் பால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பலகைக்கு மேல் தேங்கிய தண்ணீர் வேறு மூலையில் போய்ச் சொட்டும். அதைப் பார்த்து இடத்தை முடிவு செய்தால் தப்பாகிவிடும்.

ஈரமான சீலிங்கில் லைட்டோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருந்தால் அந்த இணைப்பின் எம்சிபியை முதலில் இறக்குங்கள். மேலே கீசரையும் அணைத்துவிடுங்கள்.

2. ஈரம் எப்போது கூடுகிறது என்று கவனியுங்கள்

சோதனைக்கு முன் நாலைந்து நாள் சும்மா கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டினால் கூடுகிறது என்று அர்த்தம். வெறும் கண்ணால் பார்த்து "கொஞ்சம் அதிகமான மாதிரி இருக்கு" என்று சொல்வதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால் முதல் சந்தேகம் குழாய் மேல். குளித்த சில நிமிடங்களில் சொட்டி, அப்புறம் நின்றுவிட்டால் வடிகாலைப் பாருங்கள். குளித்துப் பல மணி நேரம் கழித்து மெதுவாக ஈரம் பரவினால் தரையோ சுவரோ காரணமாக இருக்கலாம். தரைக்கு அடியில் கொட்டியிருக்கும் செங்கல் ஜல்லி ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் விடும். தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

ஷவர் சுவருக்குப் பின்பக்கம் படுக்கையறை என்றால் அந்தச் சுவரையும் பாருங்கள். ஓதம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் பாத்ரூம் தரையிலிருந்து ஏறியிருக்கலாம். இடுப்பு உயரத்தில் தனித் திட்டாக ஈரம் தெரிந்தால், அது டைவர்ட்டர் (தண்ணீரைக் கீழ்க் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் திருகு) இருக்கும் உயரமா என்று அளந்து பாருங்கள்.

இன்னொரு இடம் வெளிச்சுவர். சில கட்டடங்களில் சங்கன் பகுதியில் சேரும் தண்ணீர் வெளியேற ஒரு சிறு குழாய் விட்டிருப்பார்கள். அதில் சொட்டினால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருப்பது உறுதி. பெயின்டோ சிமென்டோ அதை அடைத்திருந்தால் குத்திவிடுங்கள்.

3. குழாய்ச் சோதனை

வீட்டில் இன்னொரு பாத்ரூம் இருந்தால் செலவில்லாமல் செய்யலாம். கசியும் பாத்ரூமை மூன்று நாள் பயன்படுத்தாதீர்கள், ஆனால் அதற்குத் தண்ணீர் விடும் வால்வு திறந்தே இருக்கட்டும். கீழே சொட்டுவது கொஞ்சமும் குறையவில்லை என்றால் குழாய்தான். குறைந்துகொண்டே வந்தால் எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாய் மேல் சந்தேகம் குறைகிறது. சந்தேகம் தீரவில்லையா? வால்வையும் மூடி இன்னும் இரண்டு நாள் பாருங்கள். மூடிய பின் ஷவரைத் திறந்து தண்ணீர் முழுக்க நின்றதா என்று பார்க்க மறக்காதீர்கள். பழைய கேட் வால்வுகள் முழுசாக அடைபடுவதே அபூர்வம்.

இருப்பது ஒரே பாத்ரூம் என்றால் பிளம்பரை வைத்துப் பிரஷர் பம்ப் சோதனை செய்வதுதான் வழி. குழாய்க்குள் பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் அது. இதில் நான்கு விஷயங்களை நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சுவரில் மாட்டிய திருகு குழாய்களையும் ஆங்கிள் காக்குகளையும் கழற்றி அந்த வாய்களில் டம்மி போடச் சொல்லுங்கள். அவற்றை மாட்டியபடியே சோதித்தால், தேய்ந்த வாஷர் வழியே போகும் தண்ணீருக்கும் முள் இறங்கும். சுவருக்குள் கசிகிறது என்று சொல்லி உடைத்துவிடுவார்கள். ஆனால் டம்மிக்காகக் கழற்றியதில் ஏதாவது ஒரு மரைதான் கசிந்துகொண்டிருந்தது என்றால், இந்தச் சோதனையில் அது மறைந்துவிடும். அதனால் கழற்றும் முன் ஒவ்வொரு குழாயின் மூடித்தட்டையும் விலக்கி, பின்னால் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கீசரைக் கழற்றி அதன் இரண்டு இணைப்பையும் ஒரு ஹோஸால் சேர்க்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டு லைனும் ஒன்றாகி, ஒரே சோதனையில் முடியும்.

மூன்றாவது, அழுத்தத்தின் அளவு. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு கிலோ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பழைய லைனுக்கு 4 முதல் 5 கிலோ வரை ஏற்றினாலே போதும். புது லைனுக்கு ஏற்றுகிற மாதிரி 10 கிலோ ஏற்றினால் நன்றாக இருந்த பழைய ஒட்டும் விட்டுப்போகலாம்.

நான்காவது, அவசரம் வேண்டாம். சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் லேசாக விரியும், உள்ளே காற்றும் இருக்கும். அதனால் முதல் பத்து நிமிடத்தில் முள் கொஞ்சம் இறங்குவது சகஜம். மறுபடி ஒருமுறை ஏற்றி, அதிலிருந்து ஒரு மணி நேரம் பாருங்கள். முள் நகராமல் நின்றால் இந்த லைன் சரி. இறங்கினால் கீசர் ஹோஸைப் பிரித்து, இரண்டு லைனையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

லைன் கசிகிறது என்று தெரிந்தாலும் உடனே சுத்தியலை எடுக்க வேண்டாம். நான் பார்த்தவரை அதிகம் கசிவது எக்ஸ்டென்ஷன் நிப்பிள். டைல்ஸ் ஒட்டியபின் குழாய் வாய் சுவருக்குள் ஆழமாகப் போய்விடுவதால் அதை நீட்ட இதைப் போடுவார்கள். இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் டைல்ஸுக்குப் பின்னால் சொட்ட ஆரம்பிக்கும். இதைச் சரிசெய்ய டைல்ஸை உடைக்க வேண்டாம். கழற்றி, சரியான நீளத்தில் புது நிப்பிள் வாங்கி, டெஃப்ளான் டேப் சுற்றி மாட்டினால் போதும். மரையின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் டேப்பைச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்து வந்துவிடும்.

4. ஷவருக்கு ஏறும் குழாய்

பிளம்பர்களே விட்டுவிடும் இடம் இது. டைவர்ட்டரிலிருந்து ஷவர் வரை ஏறும் குழாயில், ஷவர் ஓடும்போது மட்டும்தான் தண்ணீர் இருக்கும். டைவர்ட்டர் மூடியிருந்தால் மேலே சொன்ன பம்ப் சோதனை இந்தக் குழாயைத் தொடவே தொடாது. "பிரஷர் நின்றது, குழாய் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஷவர் தலையைக் கழற்றி, அது மாட்டியிருந்த ஷவர் கம்பியின் முனையில் அரை அங்குல மூடியை இறுக்குங்கள். பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து, டைவர்ட்டரை ஷவருக்குத் திருப்பி, இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். தரையிலோ சுவரிலோ ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழாது. அப்படியும் கீழே ஈரம் கூடினால் கோளாறு இந்த ஏறு குழாயிலோ, ஷவர் கம்பி சுவருக்குள் நுழையும் மரையிலோதான்.

மரை என்றால் மறுபடி டேப் சுற்றினால் முடிந்தது. குழாய் என்றால் அந்தச் சுவரில் ஒரு வரிசை டைல்ஸ் மட்டும் போகும்.

5. வடிகால்

தரையை நனைக்காமல் தண்ணீரை நேராக நஹானி டிராப்புக்குள் (தரையில் ஜாலிக்கு அடியில் இருக்கும் வடிகால் கிண்ணம்) விட வேண்டும். ஒரு ஹோஸை உள்ளே செருகி, கேசரி பவுடர் கரைத்த தண்ணீரை முதலில் மெதுவாக விடுங்கள். கீழே நிறம் தெரிந்தால் டிராப்பிலோ அதற்கு அடுத்த குழாய் ஒட்டிலோ ஓட்டை.

ஒன்றும் தெரியவில்லை என்றால் அரை மணி நேரம் கழித்து ஒரு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். இப்போது டிராப்பின் வாய் வரை தண்ணீர் ஏறி நிற்கும். இந்த முறை மட்டும் கீழே சொட்டினால், டிராப்பின் கழுத்துக்கும் டைல்ஸின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. ஜாலியைத் தூக்கி, விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். பல வீடுகளில் டிராப் தாழ்வாக இருக்கும், டைல்ஸ் மேலே இருக்கும், நடுவில் வெறும் மணலும் சிமென்டும் தெரியும். குளிக்கும் தண்ணீர் ஒவ்வொரு நாளும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

சரிசெய்யும் முன் டிராப்பில் சேர்ந்த முடியையும் சோப்பு அழுக்கையும் கையால் எடுத்துவிடுங்கள். அடைப்பு இருந்தால் தண்ணீர் அந்த இடைவெளி வரை ஏறிக்கொண்டே இருக்கும். ஆசிட் ஊற்றாதீர்கள். அது அடைப்பை எடுக்கிறதோ இல்லையோ, சிமென்டைத் தின்றுவிடும். இடைவெளியை நன்றாகக் காயவைத்து, உதிர்வதைச் சுரண்டிவிட்டு, எபாக்ஸி (பாக்கெட்டில் தனித்தனியாக வரும் பொருள்களைக் கலந்தால் இறுகும் பசை) கலவையால் டிராப்பின் கழுத்து முதல் டைல்ஸ் விளிம்பு வரை சரிவாகப் பூசுங்கள். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது.

6. தரையில் தண்ணீர் கட்டிப் பார்ப்பது

குழாயும் வடிகாலும் சரி என்று தெரிந்தபிறகுதான் இது. துணியைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து உருட்டி டிராப்பின் வாயில் இறுக்கமாகச் செருகுங்கள். முதலில் ஜாலிக் குழியில் மட்டும் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள். இறங்கினால் அடைப்பு சரியில்லை. இதைச் செய்யாமல் மொத்தத் தரையையும் நிரப்பிவிட்டால், மட்டம் குறைந்தது தரையாலா அடைப்பாலா என்று தெரியாமல் குழம்ப வேண்டியதுதான்.

அப்புறம் வாசல் பட்டைக்குக் கீழேயே நிற்கும்படி 2 முதல் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூமுக்குச் சுமார் 80 லிட்டர் பிடிக்கும். சுவரில் மட்டத்தை டேப்பால் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு "ஒன்றும் கசியவில்லை" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஜல்லி நனைந்து தளத்துக்கு இறங்கவே அதைவிட நேரம் ஆகும். ஆவியாவதால் மட்டம் ஓரிரண்டு மில்லிமீட்டர் குறையலாம். அதற்கு மேல் குறைந்தால், கீழே இன்னும் ஈரம் தெரியாவிட்டாலும், தண்ணீர் தரைக்குள் போகிறது.

தரைதான் என்றால் எந்தப் பகுதி என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு நாள் காயவிட்டு, களிமண்ணால் ஷவர் பகுதியைச் சுற்றி வரப்புக் கட்டி, அதற்குள் மட்டும் தண்ணீர் நிறுத்துங்கள். பெரும்பாலும் குற்றவாளி தரையின் நடுப்பகுதி அல்ல, சுவரும் தரையும் சேரும் மூலை.

டைல்ஸை நாணயத்தால் தட்டி, வெற்றாகச் சத்தம் வந்தால் "அங்கேதான் கசிகிறது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அடியில் கலவை சரியாகப் படியவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. நல்ல நிலையில் இருக்கும் பாத்ரூமிலும் வெற்று டைல்ஸ் இருக்கும்.

7. சுவர்

தரை தாங்கிவிட்டது, குளித்தால் மட்டும் கசிகிறது என்றால் மிச்சம் சுவர்தான். ஹெல்த் ஃபாசெட்டைக் கையில் எடுத்து, கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். முதலில் தரையிலிருந்து ஒரு அடி, அரை மணி நேர இடைவெளி, பிறகு இடுப்பு உயரம், பிறகு தலை உயரம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து கீழே உள்ள விரிசலிலும் இறங்கிவிடும், எது எது என்று பிரிக்க முடியாது. குழாய் மூடித்தட்டுகளை முதலில் பிளாஸ்டிக்கும் டேப்பும் போட்டு மூடிவிட்டு, கடைசியில் திறந்து தனியாக நனையுங்கள்.

டவல் கம்பிக்கும் சோப்பு மாடத்துக்கும் போட்ட துளைகள், ஜன்னலின் அடிக்கட்டை ஆகியவற்றையும் பாருங்கள். அடிக்கட்டையின் வாட்டம் சுவர்ப் பக்கம் இருந்தால் குளிக்கும் தண்ணீர் அங்கே தேங்கி உள்ளே இறங்கும்.

8. உடைக்காமல் சரிசெய்வது

மூலைகளுக்கு சிலிக்கான், இடுக்குகளுக்கு எபாக்ஸி. இதை மாற்றிச் செய்யாதீர்கள். சுவரும் தரையும் தனித்தனியாக அசைபவை. மூலையில் கெட்டியான எதைப் பூசினாலும் பிளக்கும், சிலிக்கான் மட்டும் இழுத்துக்கொடுக்கும்.

இரண்டுக்கும் பொதுவான முதல் படி காயவைப்பது. தரைச் சோதனை முடிந்த மறுநாளே பூச வந்துவிடுவார்கள், விடாதீர்கள். ஈரமான இடுக்கில் எதுவும் ஒட்டாது. குறைந்தது மூன்று நான்கு நாள் கதவைத் திறந்து ஃபேன் போட்டு வையுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் அதிகம்.

பழைய சிலிக்கானை ஒரு இழைகூட மிச்சமில்லாமல் எடுங்கள். பழையதன் மேல் புதியது ஒட்டுவதில்லை. பாத்ரூமுக்கான, பூஞ்சை பிடிக்காத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பிழியும்போது வினிகர் மாதிரி வாசனை வரும் வகை சிமென்டுக்கும் மார்பிளுக்கும் ஆகாது. இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிழிந்து, ஒரே இழுப்பில் விரலால் தேய்த்து, உலர்வதற்கு முன் டேப்பை உரியுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் வேண்டாம்.

எபாக்ஸியில் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: பழைய இடுக்கைச் சுரண்டாமல் மேலே தடவுவது. சில மாதத்தில் பட்டையாக உரிந்து வரும். பழையதைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுக்க வேண்டும். டைல்ஸை இடைவெளி இல்லாமல் முட்டு வைத்து ஒட்டியிருந்தால் எபாக்ஸி இறங்க இடமே இல்லை. கட்டர் மெஷினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறித் திறக்க வேண்டும், விளிம்பு சிதறாமல் கீறத் தெரிந்த ஆள் வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் பொருள்களைக் கண்ணளவில் பாதி எடுத்துக் கலக்காதீர்கள். விகிதம் தப்பினால் அது இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டியாகிவிடும் என்பதால் சிறிய பாக்கெட்டாக வாங்கி, ஒரு மூலையை முடித்துத் துடைத்துவிட்டு அடுத்ததைக் கலப்பது நல்லது.

9. உடைத்தே ஆக வேண்டும் என்றால்

மூலையும் இடுக்கும் சரிசெய்து, காயவைத்து, மறுபடி தண்ணீர் கட்டியும் மட்டம் இறங்கினால் உடைப்பதைத் தவிர வழியில்லை. டைல்ஸ் மேலேயே டைல்ஸ் ஒட்டித் தரும் யோசனைக்குச் சம்மதிக்காதீர்கள். பழைய ஈரம் அடியிலேயே சிறைப்படும், வாசல் பட்டையின் உயரமும் குறைந்துவிடும்.

வரிசை இப்படி: டைல்ஸ், ஜல்லி எல்லாவற்றையும் எடுத்துத் தளம் வரை சுத்தம் செய்வது, குழாயும் டிராப்பும் மாற்றி முடிப்பது, குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தைச் சுருங்காத கலவையால் அடைப்பது, மூலைகளைக் கூராக விடாமல் கலவையால் வளைவாக்குவது, அப்புறம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. பூச்சுக்குப் பிறகு பிளம்பர் உளி பிடிக்கவே கூடாது. "ஒரு சின்ன இடம்தான்" என்று அவர் குத்தும் இடத்தில்தான் அடுத்த கசிவு வரும்.

இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. முதல் கோட்டில் விட்டுப்போன ஊசித் துளைகளை இரண்டாவது மூடும். முடிந்த தரை மட்டத்துக்கு மேல் சுவரில் ஒரு அடி வரையும், ஷவர் சுவரில் ஆறடி வரையும் ஏற்றுங்கள். காய்ந்ததும், ஜல்லி கொட்டும் முன்பே 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கொத்தனார் கூலி நாள் போகிறது என்று முணுமுணுப்பார், பரவாயில்லை.

டைல்ஸ் ஒட்டும்போது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் டிராப் பக்கம் வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒட்டி முடித்த மறுநாள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் அப்போதே மாற்றச் சொல்லலாம்.

10. கீழ் வீட்டு சீலிங்

கோளாறு சரியான பிறகும் கீழே சில வாரம் ஈரம் இருக்கும். உடைக்காமல் சரிசெய்திருந்தால் ஜல்லியில் சேர்ந்த தண்ணீர் வடிய வேண்டுமே. ஈரம் நின்றவுடன் வெள்ளையாக உப்புப் பூப்பதும் சகஜம், அது புதுக் கசிவு அல்ல. இதை முன்கூட்டியே கீழ் வீட்டில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வேலையே நடக்கவில்லை என்று சண்டை வரும். பென்சில் கோட்டை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் கோட்டுக்கு உள்ளே சுருங்கிக்கொண்டே வந்தால் சரியாகி வருகிறது. ஒரு மாதமாகியும் அதே இடத்தில் நின்றால் மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டு இடத்தில் கசியும் பாத்ரூம்களும் உண்டு.

நன்றாகக் காய்ந்து உப்பைத் துடைத்த பிறகே பட்டி பார்த்து பெயின்ட் அடிக்க வேண்டும். பூச்சு உப்பியிருந்தால் தட்டி எடுத்துவிட்டுத் தளத்தின் இரும்புக் கம்பியைப் பாருங்கள். லேசான துரு என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் மூடலாம். கம்பி பாளம் பாளமாக உரிந்தாலோ, மெலிந்து போயிருந்தாலோ மேலே பூசி மறைக்காமல் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.